இரண்டாவது மாடிப்படி

புது மனைக்கு பிளான் போட உட்கார்ந்தால் நான் முதலில் வரைவது மாடிப்படியைத்தான். வீடு கேட்டு வருபவர்கள் படுக்கையறை எத்தனை, பால்கனி எந்தப் பக்கம், சமையலறைக்கு வெளிச்சம் வருமா என்று விசாரிப்பார்கள். அத்தனைக்கும் பதில் மாடிப்படி எங்கே வருகிறது, எத்தனை வருகிறது என்பதைப் பொறுத்தே அமையும். சியாட்டில் நகரில் ஐந்து, ஆறு மாடிக் குடியிருப்புகள் வரைவது என் தொழில். வளர்ந்தது சென்னை கே.கே. நகரில், ஹவுசிங் போர்டு ஃபிளாட்டில். இந்த இரண்டு ஊர்களும் சேர்ந்து எனக்குள் கிளப்பிவிட்ட கேள்வி ஒன்று: மனிதர் குடியிருக்கும் கட்டடத்துக்கு எத்தனை மாடிப்படி வேண்டும்?

எங்கள் பிளாக்கில் ஒரே மாடிப்படி. ஒவ்வொரு லேண்டிங்கிலும் நான்கு கதவுகள். நான்கு வீடும் நான்கு மூலையில் இருந்ததால் எல்லா வீட்டுக்கும் இரண்டு பக்கம் ஜன்னல். சாயங்காலம் கடல்காற்று கிளம்பினால் முன்னறையில் நுழைந்து சமையலறை வழியாக வெளியேறும். மூன்றாவது மாடி மாமி கீழே இறங்கும்போது எங்கள் கதவு திறந்திருந்தால் நின்று இரண்டு வார்த்தை பேசாமல் போனதில்லை. கட்டடம் என்றால் இப்படித்தான் இருக்கும் என்றே நினைத்திருந்தேன்.

அம்மா முதல்முறை சியாட்டில் வந்தபோது, நான் அப்போது குடியிருந்த கட்டடத்தின் நீண்ட காரிடாரில் பெட்டியை உருட்டிக்கொண்டே, “என்னடி, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்னு சொல்லிட்டு லாட்ஜுக்குக் கூட்டிட்டு வந்திருக்கே?” என்றாள். இரு பக்கமும் வரிசையாக மூடிய கதவுகள், பகலிலும் எரியும் விளக்கு, தரைவிரிப்பு. உள்ளே வந்ததும் அடுத்த கேள்வி. “ஜன்னல் ஒரு பக்கந்தானா? வந்த காத்து எப்படிடி வெளியே போகும்?”

அம்மா கேட்டதற்கான விடை ஒரு விதிப்புத்தகத்தில் இருக்கிறது. அமெரிக்காவில் கட்டட விதிகளை எழுதுவது மத்திய அரசு இல்லை. 1994இல் உருவான சர்வதேச விதிமுறைக் குழுமம் என்ற தனியமைப்பு ஒரு மாதிரி விதியை வெளியிடுகிறது. முதல் பதிப்பு 2000இல் வந்தது. மாநிலங்களும் நகரங்களும் அதை எடுத்து, வேண்டியபடி திருத்தி, சட்டமாக்கிக்கொள்கின்றன. அந்த மாதிரி விதியின்படி ஒரே மாடிப்படியோடு கட்டக்கூடிய குடியிருப்பு மூன்று மாடி வரைதான். அதிலும் தளத்துக்கு நான்கு வீடுகளுக்கு மேல் கூடாது. நான்காவது மாடி எழும்பினால் இரண்டு மாடிப்படி கட்டாயம். இரண்டும் அருகருகே நின்றால் ஒரே புகையில் இரண்டும் அடைபடும் என்பதால் அவற்றுக்கிடையே தூரமும் வேண்டும். தளத்தின் மூலைவிட்டத்தில் பாதி; தீயில் தானாகத் தண்ணீர் தெளிக்கும் ஸ்பிரிங்க்ளர் உள்ள கட்டடம் என்றால் மூன்றில் ஒரு பங்கு. கனடா இன்னும் கறார். அங்கே தேசிய விதிப்படி இரண்டு மாடியைத் தாண்டினாலே இரண்டாவது வழி வேண்டும்.

பென்சிலை எடுத்து இதை வரைந்து பாருங்கள். ஒரு கோடியில் ஒரு மாடிப்படி, மறு கோடியில் இன்னொன்று. எல்லா வீட்டிலிருந்தும் இரண்டையும் எட்ட வேண்டுமென்றால் நடுவே காரிடார் ஓட வேண்டும். காரிடாருக்கு யாரும் வாடகை தர மாட்டார்கள். ஆகவே அதன் செலவை ஈடுகட்ட இரண்டு பக்கமும் வீடுகளை அடுக்குகிறார்கள். இப்போது ஒவ்வொரு வீட்டுக்கும் முதுகுப்பக்கம் காரிடார், இரு தோள்களிலும் பக்கத்து வீட்டுச் சுவர். வெளியுலகைப் பார்ப்பது ஒரே ஒரு பக்கம். ஒரு படுக்கையறை வீட்டை இதற்குள் அடக்கிவிடலாம். மூன்று படுக்கையறை என்றால் கூடத்தையும் சேர்த்து நான்கு அறைகளுக்கு ஜன்னல் தேட வேண்டும். அத்தனை நீளச் சுவரை ஒரே வீட்டுக்குக் கொடுத்தால் கட்டுபவருக்குக் கையைக் கடிக்கும். எனவே பெரிய வீடுகள் கட்டடத்தின் மூலைகளில் மட்டும் முளைக்கின்றன; மற்றதெல்லாம் ஒற்றை ஆளுக்கோ தம்பதிக்கோ ஆன வீடுகள். குழந்தை பிறந்ததும் நகரத்தை விட்டு வெளியேறும் குடும்பங்களை நான் ஏராளமாகப் பார்த்திருக்கிறேன். வாடகை ஒரு காரணம். அவர்களுக்கு ஏற்ற வீட்டை வரையவே முடியாமல் போவது இன்னொரு காரணம், இது வெளியே தெரிவதில்லை.

கணக்காகவும் போட்டுக் காட்டுகிறேன். ஐம்பதுக்கு நூறடி மனை, நம்மூர்க் கணக்கில் இரண்டு கிரவுண்டுக்குக் கொஞ்சம் மேல். சுற்றிலும் விட வேண்டிய இடம் போகத் தளத்துக்கு 2,400 சதுர அடி கட்டுகிறோம் என்று வையுங்கள். ஒரு மாடிப்படிக்கு 160, லிஃப்டுக்கும் அதன் முன்னால் நிற்கும் இடத்துக்கும் 150 போனால் மீதி 2,090 சதுர அடியும் வீடுகளுக்கே. இரண்டாவது மாடிப்படி வந்தால் இன்னொரு 160. இரண்டையும் இணைக்க ஐம்பதடி நீளம், ஐந்தரையடி அகலத்தில் ஒரு காரிடார், அது 275. மொத்தம் 435 சதுர அடி தளத்துக்குத் தளம் போகிறது. ஐந்து தளத்துக்கு 2,175. இரண்டு குடும்பங்கள் தாராளமாக வாழக்கூடிய இடம் அது. நிலத்தின் விலையோ, அஸ்திவாரச் செலவோ அதற்காகக் குறையாது. மிஞ்சிய வீடுகளின் தலையில்தான் அது விழும்.

பல சமயம் இந்தக் கணக்கைப் பார்த்ததுமே கட்டுபவர் பின்வாங்கிவிடுகிறார். காரிடார் கட்டடம் லாபகரமாக வர அகலமான மனை வேண்டும். பக்கத்து மனைகளை வாங்கிச் சேர்த்து, தெருவின் பாதியை வளைத்துக் கட்டும் வசதி பெரிய நிறுவனங்களுக்கே உண்டு. இரண்டு கிரவுண்டு வைத்திருக்கும் ஒரு ஆசிரியரோ, மளிகைக்கடைக்காரரோ அதில் எட்டு வீடு கட்டி வாடகைக்கு விடுவது நம் ஊரில் சாதாரணம். அமெரிக்க நகரங்கள் பெரும்பாலானவற்றில் அப்படிப்பட்ட கட்டடம் புதிதாக எழுவது அபூர்வம். நிலப் பயன்பாட்டு விதிகள், கார் நிறுத்தக் கட்டாயம் என்று இதற்கு வேறு காரணங்களும் உண்டு. மாடிப்படி விதிக்கும் அதில் கணிசமான பங்கிருக்கிறது.

அப்படியானால் இந்த விதியை எழுதியவர்கள் அறிவில்லாதவர்களா? ஒருபோதும் இல்லை. அவர்கள் பிணங்களைப் பார்த்துவிட்டு எழுதினார்கள்.

1911ஆம் ஆண்டு மார்ச் 25, நியூயார்க்கின் டிரையாங்கிள் ஆயத்த ஆடைத் தொழிற்சாலை. பத்து மாடிக் கட்டடத்தின் மேல் மூன்று மாடிகளில் தையல் வேலை நடந்தது. சனிக்கிழமை மாலை, வேலை முடியும் நேரத்தில் எட்டாவது மாடியில் துணிக் கழிவில் தீப்பிடித்தது. அந்தக் கட்டடத்தில் மாடிப்படி இரண்டு இருந்தன. ஒன்பதாவது மாடியில் ஒன்றின் கதவு பூட்டியிருந்தது. வெளிச்சுவரில் தொங்கிய இரும்பு ஏணி பாரம் தாங்காமல் பிய்ந்து விழுந்தது. தீயணைப்பு வண்டியின் ஏணி ஆறாவது மாடியோடு நின்றுவிட்டது. 146 பேர் இறந்தார்கள். அவர்களில் 123 பேர் பெண்கள், பெரும்பாலும் பிழைக்க வந்த யூத, இத்தாலியக் குடும்பங்களின் இளம்பெண்கள். ஜன்னல்களிலிருந்து அவர்கள் குதித்ததைத் தெருவில் நின்று பார்த்தவர்களில் பிரான்சிஸ் பெர்கின்ஸும் ஒருவர். பிற்காலத்தில் அமெரிக்காவின் தொழிலாளர் துறையைத் தலைமையேற்று நடத்தியவர். 1913இல் தேசியத் தீத்தடுப்புச் சங்கம் உயிர்ப் பாதுகாப்புக்கென்று தனிக்குழு அமைத்தது. அந்தக் குழுவின் உழைப்பு 1927இல் வெளியேறும் வழிகளுக்கான விதித்தொகுப்பாக வெளிவந்தது. இன்று நான் வரையும் மாடிப்படிக் கதவுகள் வெளியேறும் திசையில் திறப்பதற்கும், எந்த வழியிலும் பூட்டுத் தொங்காததற்கும் பின்னால் அந்தப் பெண்கள் இருக்கிறார்கள். இதை மறந்துவிட்டு விதிகளைக் குறை சொல்பவர்களோடு எனக்கு ஒட்டுதல் கிடையாது.

ஆனால் டிரையாங்கிளில் இரண்டு மாடிப்படி இருந்தும் போதவில்லை என்பதையும் யோசிக்க வேண்டும். மாடிப்படி செய்ய வேண்டிய வேலை என்ன? தீ பிடித்த பிறகும் சில நிமிடங்களுக்கு அது புகையில்லாமல் இருக்க வேண்டும். வீட்டு வாசலிலிருந்து அது அருகில் இருக்க வேண்டும். அதன் சுவர் எரியக்கூடாது. வீடுகளில் தீ பிடிக்கும்போது பலரைக் கொல்வது நெருப்பைவிடப் புகைதான். புகை, திறந்த கதவு வழியாக வருகிறது. 2022 ஜனவரி 9 அன்று நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் 19 மாடிக் கட்டடம் ஒன்றில் அறையைச் சூடாக்கும் மின்கருவியிலிருந்து தீ கிளம்பியது. எரிந்தது ஒரு வீடும் அதன் வாசலும்தான். அந்த வீட்டுக் கதவு தானாக மூடிக்கொள்ளவில்லை. புகை மாடிப்படியில் ஏறியது. 17 பேர் மூச்சடைத்து மாண்டார்கள், அதில் எட்டுப் பேர் குழந்தைகள். கதவை இழுத்துச் சாத்த ஒரு கீல் வேலை செய்திருந்தால் போதும்.

1911இல் டிரையாங்கிளில் இல்லாத கருவிகள் இன்று நம்மிடம் இருக்கின்றன. அமெரிக்காவில் புதிய அடுக்குமாடிகளுக்கு ஸ்பிரிங்க்ளர் கட்டாயம். சினிமாவில் காட்டுவதுபோல எல்லாக் குழாயும் ஒரே நேரத்தில் கொட்டாது. ஒவ்வொரு முனையிலும் ஒரு சின்னக் கண்ணாடிக் குமிழ் இருக்கும். பொதுவான வகை சுமார் 68 டிகிரி செல்சியஸில் உடைந்து, தீக்கு மேலே இருக்கும் அந்த ஒரு முனை மட்டும் தண்ணீர் விடும். தீ ஒரு அறைக்குள்ளேயே அடங்கிவிடுவது இதனால்தான். புகை எச்சரிக்கைக் கருவி, தீ தாங்கும் ஜிப்சம் பலகைச் சுவர், தானாக மூடும் கதவு, மாடிப்படிக்குள் காற்றழுத்தம் கொடுத்துப் புகையை வெளியே தள்ளும் விசிறி என்று பட்டியல் நீள்கிறது. இவையெல்லாம் வந்த பிறகும் மாடிப்படிகளின் எண்ணிக்கை மட்டும் பழைய கணக்கிலேயே நிற்கிறது.

என் ஊரான சியாட்டில் இந்த விஷயத்தில் முன்னோடி. 1970களிலிருந்தே ஆறு மாடி வரை ஒற்றை மாடிப்படிக் கட்டடத்தை அது அனுமதிக்கிறது, கடும் நிபந்தனைகளோடு. தளத்துக்கு நான்கு வீடுகளுக்கு மேல் கூடாது. ஸ்பிரிங்க்ளர் இருக்க வேண்டும். வீட்டு வாசலிலிருந்து மாடிப்படி இருபது அடிக்குள் இருக்க வேண்டும். மாடிப்படி திறந்தவெளியில் இருக்க வேண்டும். இல்லையேல் காற்றழுத்தம் தர வேண்டும். நான் வரைவதில் எனக்கு மிகவும் பிடித்தவை இந்த வகைக் கட்டடங்கள்தான். நிபந்தனைகளைத் தள்ளி வைத்துவிட்டு பிளானை மட்டும் பார்த்தால் கே.கே. நகர் பிளாக் கண்முன் வந்து நிற்கும்: ஒரு லேண்டிங், நான்கு கதவுகள், நான்கு மூலைகள். நியூயார்க்கும் எரியாத பொருளால் கட்டிய, தளத்துக்கு 2,000 சதுர அடிக்கு மிகாத கட்டடங்களுக்கு ஆறு மாடி வரை ஒரு மாடிப்படியை ஏற்கிறது. ஜெர்மனியின் அணுகுமுறை வேறு. அங்கேயும் ஒவ்வொரு வீட்டுக்கும் தப்பிக்க இரண்டு வழி வேண்டும். ஆனால் அந்த இரண்டாவது வழி தீயணைப்பு வண்டியின் ஏணியாகவே இருக்கலாம். ஏணி எட்டாத உயரம், அதாவது மேல்தளம் தரையிலிருந்து 22 மீட்டரைத் தாண்டும்போதுதான், இரண்டாவது மாடிப்படியோ, புகை நுழையவே முடியாத விசேஷ மாடிப்படியோ கேட்கிறார்கள். தீயணைப்புத் துறையிடம் என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டு விதி எழுதும் இந்த முறை எனக்குப் பிடிக்கும்.

சில ஆண்டுகளாக இந்தப் பேச்சு சூடுபிடித்திருக்கிறது. ஜெர்மனியில் வேலை பார்த்துத் திரும்பிய சியாட்டில் கட்டடக் கலைஞர் மைக்கேல் எலியசன் விடாமல் எழுதினார். கனடாவில் கான்ராட் ஸ்பெக்கெர்ட் மாணவராக இருந்தபோதே இதை ஆய்வுப் பொருளாக எடுத்து, தேசிய விதியைத் திருத்தச் சொல்லி முறைப்படி மனுவும் போட்டார். 2023இல் வாஷிங்டன் மாநிலம் ஆறு மாடி வரை ஒற்றை மாடிப்படிக்கான விதியை வகுக்கும்படி சட்டம் போட்டது. 2024இல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா ஆறு மாடி வரை அனுமதித்தது. டென்னசியும் தன் நகரங்களுக்கு அந்த உரிமையைக் கொடுத்தது. 2025இல் பியூ அறக்கட்டளை வெளியிட்ட ஆய்வு, நியூயார்க்கிலும் சியாட்டிலிலும் உள்ள இத்தகைய கட்டடங்களின் தீ விபத்துகளை ஆராய்ந்தது. இரண்டாவது மாடிப்படி இல்லாததால் நேர்ந்த மரணம் என்று ஒன்றைக்கூட அதில் காணவில்லை.

தீயணைப்பு வீரர்கள் இதை எதிர்க்கிறார்கள். அவர்களுடைய சர்வதேசச் சங்கம் வெளிப்படையாகவே எதிர்த்திருக்கிறது. அவர்கள் சொல்வதை நான் கவனமாகக் கேட்கிறேன், ஏனென்றால் புகைக்குள் ஏறிப் போகப்போவது நானில்லை. மாடிப்படி ஒன்றுதான் என்றால், நீர்க்குழாயைத் தூக்கிக்கொண்டு வீரர்கள் மேலே ஏறும் அதே வழியில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு குடித்தனக்காரர் இறங்குவார். எரியும் வீட்டுக்குள் குழாயைக் கொண்டுபோக அந்தக் கதவைத் திறந்து வைத்தாக வேண்டும். திறந்ததும் மாடிப்படிக்குள் புகை வரும். சின்ன ஊர்களில் தன்னார்வலர்கள் நடத்தும் தீயணைப்பு நிலையத்தில் உயர ஏணியே இருக்காது. இந்தக் கடைசி வாதம் மிக வலுவானது என்பது என் கருத்து. சியாட்டிலுக்குப் பொருந்துவது, ஏணி வண்டி இல்லாத ஒரு சிற்றூருக்குப் பொருந்தாது.

லண்டனின் கிரென்ஃபெல் கோபுரத்தை யாரும் மறக்க முடியாது. 2017 ஜூன் 14, நள்ளிரவு தாண்டி நான்காவது மாடியில் ஒரு ஃபிரிட்ஜிலிருந்து பிடித்த தீ, வெளிச்சுவரில் போர்த்தியிருந்த பிளாஸ்டிக் கலந்த அலுமினியத் தகடுகளில் தொற்றி 24 மாடிக் கோபுரத்தைச் சூழ்ந்தது. ஒரே குறுகிய மாடிப்படி. ஸ்பிரிங்க்ளர் கிடையாது. வீட்டுக்குள்ளேயே இருங்கள் என்ற அறிவுரையைக் கைவிட இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம்தான் குறைவு. 72 பேர் இறந்தார்கள். இங்கிலாந்து அதன் பிறகு 18 மீட்டருக்கு மேற்பட்ட புதிய குடியிருப்புகளுக்கு இரண்டாவது மாடிப்படியைக் கட்டாயமாக்கியது. 2026 செப்டம்பர் 30 முதல் அது நடைமுறை. அறிவிப்பு வந்த 2023இல் லண்டனில் பல கோபுரத் திட்டங்கள் பாதியில் நின்று, பிளானை மறுபடி வரைய வேண்டியதாயிற்று. வீடுகள் வரத் தாமதமானது உண்மை. 24 மாடிக்கு ஒற்றை மாடிப்படி கூடாது என்பதில் எனக்கும் மறுபேச்சு இல்லை. அந்த உயரத்துக்கு எந்த ஏணியும் எட்டாது. ஆனால் ஆறு மாடி, தளத்துக்கு நான்கு வீடு, ஸ்பிரிங்க்ளர் என்ற கட்டடத்தையும் கிரென்ஃபெல்லையும் ஒரே தராசில் வைப்பது பயத்தில் எடுக்கும் முடிவு.

சென்னைக்கு வந்தால் உறவினர்கள், “பாத்தியா, அமெரிக்காக்காரனே இப்பதான் நம்ம வழிக்கு வரான்” என்று பெருமைப்படுகிறார்கள். அந்தப் பெருமையை நான் ஏற்பதில்லை. இந்தியாவின் 2016ஆம் ஆண்டு தேசியக் கட்டட விதித்தொகுப்பு 15 மீட்டர் முதலே உயர்மாடிக் கட்டடம் என்கிறது. தமிழ்நாட்டின் 2019ஆம் ஆண்டு ஒருங்கிணைந்த கட்டட விதிகள் அந்தக் கோட்டை 18.30 மீட்டரில் போட்டிருக்கின்றன. அதைத் தாண்டினால் கெடுபிடி கூடும் என்பதால், அதற்குள் அடங்கும் ஸ்டில்ட்டும் (தூண்கள் மட்டும் நிற்கும் வண்டி நிறுத்தத் தளம்) ஐந்து மாடியும் இன்று எல்லாப் பேட்டையிலும் எழுகின்றன. ஒரு எண் தெருவின் உருவத்தையே தீர்மானிப்பதற்கு இதைவிடக் கண்கூடான உதாரணம் வேண்டாம். ஆனால் சியாட்டில் ஒற்றை மாடிப்படிக்குப் பதிலாகக் கேட்கும் எதையும் அந்தக் கட்டடங்களில் நான் பார்ப்பது அரிது. வீடுகளில் ஸ்பிரிங்க்ளர் இல்லை. வாசல் கதவு தானாக மூடாது. மாடிப்படி நேரே ஸ்டில்ட்டில் இறங்குகிறது. அங்கே, படியின் காலடியிலேயே மின்மீட்டர் போர்டு, பக்கத்தில் டூவீலர்கள், இப்போது சார்ஜில் போட்ட ஸ்கூட்டரும். திருடனுக்குப் பயந்து மொட்டை மாடிக் கதவில் பூட்டு. பால்கனியிலும் ஜன்னலிலும் கம்பி.

2022 செப்டம்பரில் செகந்திராபாத்தில், கீழ்த்தளத்தில் மின் ஸ்கூட்டர் விற்பனைக்கூடம் இருந்த ஒரு கட்டடத்தில் தீப்பிடித்தது. புகை மாடிப்படி வழியே மேலேயிருந்த விடுதிக்கு ஏறியது. எட்டுப் பேர் இறந்தார்கள். கும்பகோணத்தில் ஒரு பள்ளியில் 2004 ஜூலை 16 அன்று எரியும் கீற்றுக் கூரைக்கும் குறுகிய ஒரே மாடிப்படிக்கும் நடுவே சிக்கி 94 குழந்தைகளை இழந்தோம். அதன் பிறகு பள்ளிகளில் கீற்றுக் கூரையை எடுத்தோம். மாடிப்படியைப் பற்றிய பேச்சு அந்த அளவுக்கு எழவில்லை.

சென்னையில் இரண்டு கிரவுண்டு மனைகளுக்கு இரண்டாவது மாடிப்படியைக் கட்டாயமாக்கச் சொல்ல மாட்டேன். சொன்னால் அம்மா பார்த்த காரிடார் இங்கேயும் வரும், எட்டு வீடு ஆறாகும், காற்றும் போகும். இருக்கிற ஒரு மாடிப்படியைக் காப்பாற்றத் தேவையானதைக் கேட்கிறேன். மீட்டர் போர்டும் சார்ஜ் போடும் இடமும் மாடிப்படியிலிருந்து கான்கிரீட் சுவரால் பிரிந்திருக்க வேண்டும். படியின் உச்சியில் புகை வெளியேறத் திறப்பு வேண்டும். மொட்டை மாடிக் கதவு உள்ளிருந்து சாவியில்லாமல் திறக்க வேண்டும். ஒவ்வொரு வீட்டுக் கதவும் தீ தாங்குவதாகவும் தானாக மூடுவதாகவும் இருக்க வேண்டும். ஜன்னல் கம்பியில் ஒன்றாவது உள்ளிருந்து திறக்கும் வகையில் அமைய வேண்டும். நான்காவது மாடிக்கு மேல் வீடுகளில் ஸ்பிரிங்க்ளர் வேண்டும். மொட்டை மாடித் தொட்டியை அதற்கேற்பப் பெரிதாக்க வேண்டும். கடைசி இரண்டைத் தவிர மற்றவற்றைப் பழைய ஃபிளாட்டுகளிலும் செய்யலாம், அசோசியேஷன் கூட்டத்தில் முடிவெடுத்தால் போதும். கே.கே. நகரில் எங்கள் பழைய பிளாக்கில் மீட்டர் போர்டை இடம் மாற்றும் பேச்சை இப்போது அம்மாதான் எடுத்திருக்கிறாள். பெயின்ட் அடிக்க வைத்திருக்கும் பணத்தை இதற்குத் திருப்ப இரண்டு வீட்டுக்காரர்கள் இன்னும் சம்மதிக்கவில்லை.